அடுத்த விசேஷத்துக்கும் எங்களையே கூப்பிடுங்க

அன்புள்ள தம்பி,

ஒரே வீட்டில் கீழே இருக்கிற அம்மா, மாடியில் இருக்கிற மகனுக்குக் கடிதம் எழுதுகிறாள் என்று தெரிந்தால் பழங்காநத்தம் தெருவே சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். என் முழங்காலுக்கு மாடிப்படி ஒத்துக்கொள்வதில்லை. மூச்சு வாங்க ஏறி வந்தாலும், "விடும்மா, பேச வேணாம்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாய். போனையும் அணைத்துப் போட்டிருக்கிறாய். அதனால் உட்கார்ந்து எழுதி, சாயங்காலக் காப்பியோடு அப்பாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். காப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு தாளைத் திருப்பி அனுப்பாதே. அப்பா நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பார், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை பெங்களூருக்கு பஸ் டிக்கெட் எடுத்துவிட்டாய். அங்கே வேலை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான், ஒளித்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பஸ் ஏறுமுன் நீ செய்த சாஃப்ட்வேரை மூடிவிடப் போவதாக எல்லாக் கடைக்காரர்களுக்கும் சொல்லியிருக்கிறாய். தல்லாகுளத்து டீச்சர் வீட்டு விஷயத்துக்குப் பிறகு, "மனுசங்களுக்கு வேலை செஞ்சு குடுக்க எனக்குத் தெரியலப்பா" என்று அப்பாவிடம் சொன்னாயாம். அவர் அதைக் கீழே வந்து என்னிடம் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் கைகழுவிவிட்டார். எனக்கு உன் மேல் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. அன்றைக்கு அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. நீ வாசலிலேயே ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுவிட்டாய். அதைத்தான் சொல்லப்போகிறேன். ஆனால் எனக்கு எதையும் நேராகச் சொல்லிப் பழக்கமில்லை என்று உனக்குத் தெரியும். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

நம் பந்தல் தொழிலில் அப்பாவுக்குக் கம்பியும் கயிறும் துணியும் தெரியும். எத்தனை பெரிய மைதானத்தைக் காட்டினாலும் கண்ணாலேயே அளந்துவிடுவார். ஆனால் போன் அடித்தால் ஏதோ பாம்பு சீறின மாதிரி பின்னால் நகர்வார். ஆட்களை வைத்து வேலை வாங்குவது முத்துராசு. நம்மிடம் வந்த நாளிலிருந்து அப்பாவை அண்ணே என்றும் என்னை மதினி என்றும் கூப்பிடுகிறவர், நீ சித்தப்பா என்று கூப்பிட்டு வளர்ந்தவர். மற்றதெல்லாம் என் தலையில். எந்த ஊருக்கு எந்த வண்டி, எந்த வீட்டில் சேர் பாக்கி, சீலிங் துணி சலவைக்குப் போனதா வந்ததா, எல்லாம் நானே வைத்துக்கொண்டிருந்தேன். முகூர்த்த மாதத்தில் நான் குளிக்கப் போனால்கூடக் கதவுக்கு வெளியே நின்று, "மதினி, திருப்பரங்குன்றத்துக்கு எத்தன டியூப்லைட்டு?" என்று கேட்பார்கள். நானும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பதில் சொல்லுவேன்.

நீ சென்னை வேலையை விட்டு வந்த புதிதில், உங்கள் கம்பெனியில் வைத்திருந்ததைப் போல ஒன்றை லேப்டாப்பில் காட்டினாய். கட்டம் கட்டமாக, கலர் கலராக, எல்லாம் இங்கிலீஷில். ஒரு வேலையை எழுத அத்தனை பெட்டிகளை நிரப்ப வேண்டும். முத்துராசு எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இத நெறப்புற நேரத்துல நான் பந்தலையே போட்டு முடிச்சிருவேன்" என்றார். நீ கோபித்துக்கொள்ளாமல் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மறுநாளிலிருந்து என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, எனக்கு வருகிற போனையெல்லாம் காது கொடுத்துக் கேட்டாய். வருகிறவர்கள் எல்லாம், "என்ன, மகன் படிச்சுப்புட்டு அம்மா சேலையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்" என்று கேலி செய்தார்கள். உனக்கு உறைக்கவே இல்லை.

கொஞ்ச நாள் கழித்து நீ சொன்னாய்: "அம்மா, நீ யாரு போன் பண்ணாலும் மூணே கேள்விதான் கேக்குற. எங்க, என்னைக்கு, எம்புட்டுப் பேரு. அம்புட்டுத்தான். மத்ததெல்லாம் சும்மா நலம் விசாரிக்கிறது." நான் அப்படித்தான் கேட்கிறேன் என்று எனக்கே அதுவரைக்கும் தெரியாது. அந்த மூன்று கேள்வியை வைத்துத்தான் நீ சாஃப்ட்வேரைக் கட்டினாய். எங்கே, என்றைக்கு, எவ்வளவு பேர். அப்புறம் யார் போகிறார்கள் என்று ஒரு பெயர். வந்த வேலை, நடக்கிற வேலை, முடிஞ்ச வேலை என்று மூன்றே வரிசை. எழுதத் தெரியாதவர்கள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு பேசினால் போதும், அது எழுதிக்கொள்ளும். கண்ணாடி கீறிப் போன போனிலும் வேலை செய்தது. என் தலையில் இருந்தது எல்லார் கைக்கும் போய்விட்டது. அதற்கப்புறம்தான் நான் நிம்மதியாகக் குளித்தேன்.

அந்தப் 'போறேன்' பட்டனை மறந்திருக்க மாட்டாய். வேலை நடக்கிற இடத்துக்குப் போனதும் 'வந்தாச்சு' என்று ஒன்றை அமுக்க வேண்டும், கிளம்பும்போது 'போறேன்' என்று ஒன்றை அமுக்க வேண்டும். வந்தாச்சு என்பதை எல்லாரும் ஆசையாக அமுக்கினார்கள். கிளம்பும்போது ஒருத்தரும் தொடவில்லை. திருவாதவூரில் ஒரு கல்யாணம் முடிந்து, பொண்ணும் மாப்பிள்ளையும் மறுவீட்டு விருந்துக்கே போய் வந்துவிட்டார்கள். உன் திரையில் மட்டும் நம் ஆட்கள் மொத்தப் பேரும் இன்னும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்கள். நீ பதறிப்போய், "அம்மா, சித்தப்பா இன்னும் திருவாதவூர்லயா இருக்காரு?" என்று கேட்டாய். "பின்னாடி உக்காந்து இட்லி திங்கிறாருடா, போய்ப் பாரு" என்றேன். நீ போய் அவரையே கேட்டாய். அவர் சட்னியைத் தொட்டுக்கொண்டே, "கல்யாண வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, போறேன்னு எவனாச்சும் அமுக்குவானா தம்பி? வெளங்குமா?" என்றார்.

நீ அவரை முட்டாள் என்று நினைக்கவில்லை. இது மூடநம்பிக்கை என்று பாடம் எடுக்கவும் இல்லை. மேலே போய், 'போறேன்' என்பதை 'வாரேன்' என்று மாற்றிவிட்டு வந்தாய். அன்றையிலிருந்து கிளம்புகிறவர்கள் எல்லாரும் வாரேன் என்று அமுக்கிவிட்டு ஒழுங்காக வீடு வந்து சேர்ந்தார்கள். வேறு ஊர்க்காரன் பார்த்தால், வருகிறவன் வந்தாச்சு என்கிறான், போகிறவனும் வாரேன் என்கிறான், இந்தக் கடையில் யார் வருகிறார்கள் யார் போகிறார்கள் என்று தலையைப் பிய்த்துக்கொள்வான். நமக்கு நன்றாகப் புரிந்தது. எனக்கு உன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது, தம்பி. மனுஷர்களுக்கு வேலை செய்து கொடுக்கத் தெரியாதவனா அதைச் செய்தான்?

அந்த வாரேன் கொடுத்த ருசியில்தான் அடுத்ததையும் செய்தாய். முத்துராசு பந்தலைப் பிரித்து வண்டியில் ஏற்றிவிட்டு 'முடிஞ்சது' என்று அமுக்கினால், திரையில் பூ உதிரும். கூடவே அந்த வீட்டுக்காரர் போனுக்கு ஒரு மெசேஜ் போகும். 'வேலை நல்லபடியா முடிஞ்சது. போயிட்டு வாரோம். அடுத்த விசேஷத்துக்கும் எங்களையே கூப்பிடுங்க.' நீ எழுதிக் காட்டினபோது நான்தான் 'எங்களையே' என்று அந்த ஏகாரத்தைச் சேர்க்கச் சொன்னேன். கல்யாண வீட்டுக்காரர்களுக்கு அது அவ்வளவு பிடித்தது. காதுகுத்து வைத்த ஒரு அம்மா, "மெசேஜப் பாத்ததும் எங்க வீட்டு ஆளு பேசுன மாதிரி இருந்துச்சு" என்று போன் போட்டுச் சொன்னார். அதைக் கேட்டுத்தான் பூக்கடை பாண்டி அண்ணனும், சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறவர்களும் தங்களுக்கும் வேண்டும் என்று வந்தார்கள். உன் சாஃப்ட்வேர் நம் வாசலைத் தாண்டிப் போனது அந்த மெசேஜால்தான்.

தல்லாகுளத்து சார் தவறிப்போன அன்று காலையில் எனக்குத்தான் போன் வந்தது. அவரும் அவர் மனைவி டீச்சரும் மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். அவர்கள் மகள் கல்யாணத்துக்கு நாம்தான் பந்தல் போட்டோம், சாரே நேரில் வந்து முன்பதிவு செய்துவிட்டுப் போனார். போனில் யாரோ ஒரு சொந்தக்காரர், "அக்கா, தல்லாகுளத்து சாரு..." என்று ஆரம்பித்தார். நான், "சரிங்க, ஆளு வந்துருவாங்க" என்று வைத்துவிட்டேன். முத்துராசு வண்டியில் போகும்போது சாஃப்ட்வேரில் அந்த வீட்டைத் தேடினார். கல்யாணத்துக்கு எழுதின பெயரும் நம்பரும் அதிலேயே இருந்தன. அதைத் தொட்டார், வேலை பதிவாகிவிட்டது. அடக்கம் எல்லாம் ஆகி, மறுநாள் காலை ஆட்கள் சத்தமில்லாமல் பந்தலைப் பிரித்தார்கள். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்று அவர்களில் யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தலையைக் குனிந்துகொண்டு வண்டியேறினார்கள். தெருமுனை திரும்பினதும் முத்துராசு பழக்கத்தில் 'முடிஞ்சது' என்று அமுக்கிவிட்டார். அவர் கையில் பூ உதிர்ந்தது. மெசேஜ் செத்துப்போன சாருடைய போனுக்கே போய்விட்டது.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். சாரின் மகன் நம் கடை நம்பருக்கு அடித்தார். நீ பக்கத்தில் இருந்ததால் நீதான் எடுத்தாய். ஸ்பீக்கரில் போடாமலேயே எனக்குக் கேட்டது. "அடுத்த விசேஷத்துக்குக் கூப்பிடணுமா? அடுத்து யாரு போகணும்னு காத்திருக்கீங்க, சொல்லுங்க. எங்கம்மாவா?" அவ்வளவுதான், வைத்துவிட்டார். நீ உடனே மன்னிப்புக் கேட்டு ஒரு மெசேஜ் எழுத உட்கார்ந்தாய். நான் போனைப் பிடுங்கினேன். மெசேஜால் வந்த வினையை மெசேஜால் தீர்க்க முடியாது, நேரில் போவோம் என்றேன். நீ மறுபேச்சில்லாமல் ஸ்கூட்டரை எடுத்தாய்.

இந்த இடத்தில் அப்பாவுடைய கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதை அவர் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார், அவருக்கு இன்றைக்கும் வெட்கம். நீ பிறக்கும் முன்பு, ஒரு பெரிய வீட்டில் துக்கம் என்று ஆள் வந்து சொல்ல, விடிவதற்குள் அவசரமாக வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். முதல்நாள் கல்யாணத்திலிருந்து பிரித்த சாமான் அப்படியே வண்டியில் இருந்தது. பந்தல் போடுகிற வேகத்தில் வாசல் வளைவையும் கட்டி, அதன் உச்சியில் 'நல்வரவு' போர்டையும் மாட்டிவிட்டார்கள். வெளிச்சம் வந்த பிறகுதான் அப்பா நிமிர்ந்து பார்த்திருக்கிறார். சொந்தக்காரர்கள் அழுதுகொண்டே அந்த நல்வரவுக்குக் கீழேதான் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஏணியை வண்டி எடுத்துப் போய்விட்டது. கம்பியைப் பிடித்து ஏறி, தன் தோள் துண்டை உருவிப் போர்டு மேல் போர்த்திவிட்டு, அது காற்றில் பறந்துவிடாமல் ஏணி வரும்வரைக்கும் அங்கேயே தொற்றிக்கொண்டு நின்றிருக்கிறார். பார்த்தவர்கள், அந்த மனுஷனுக்கு என்ன துக்கமோ, பந்தலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே என்று நினைத்தார்களாம். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லிவிட்டு, இனிமேல் இந்தத் தொழிலே வேண்டாம் என்றுதான் அவரும் சொன்னார். அடுத்த நாள் எழுந்து, நல்வரவு போர்டையும் சீரியல் லைட்டையும் குடோனில் தனி அறைக்கு மாற்றினார். இன்றைக்கும் அவை அங்கேதான் இருக்கின்றன. அந்த அறைக்கு ஏன் தனிப் பூட்டு என்று நீ சின்ன வயதில் கேட்பாய், அப்பா பேச்சை மாற்றுவார்.

சரி, டீச்சர் வீட்டுக்கு வருகிறேன். நீ வாசலில் நின்றுவிட்டாய், நான் மட்டும் உள்ளே போனேன். சாருடைய மகன் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். உன்னைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். மேசை மேல் சாருடைய போன் கிடந்தது. என்னைப் பார்த்ததும் கத்துவார் என்றுதான் நினைத்தேன், கத்தினால் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். அவர் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார். "பந்தல்காரங்க வீட்டு ஆன்ட்டியா? உக்காருங்க" என்றார். நான் உட்காரவில்லை. தப்பு நடந்துபோச்சு என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் என்னை முடிக்க விடவில்லை.

"அப்பா போனு இங்கதான் கெடந்துச்சு ஆன்ட்டி. அவரு போனதுல இருந்து அதுல சத்தமே இல்ல, எல்லாரும் எனக்குத்தான பண்றாங்க. இன்னைக்குத் திடீர்னு டிங்குன்னு கேட்டதும், அப்பாவுக்கு மெசேஜ் வந்திருக்கு, எடுத்துக் குடுப்போம்னு எந்திரிச்சு ஓடியாந்துட்டேன். கைல எடுத்து அப்பான்னு கூப்பிட்டுட்டேன். அப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு." மேசை மேல் அந்தப் போனைக் கவிழ்த்து வைத்தார். "அந்த ஆத்திரத்தத்தான் உங்க வீட்டுப் பையன் மேல கொட்டிட்டேன்" என்றார். நானும் அழுதுவிட்டேன், தம்பி. அந்த வீட்டில் அழ எனக்கு என்ன உரிமை இருந்தது என்று தெரியவில்லை.

டீச்சர் உள்ளே இருந்து வந்தார். மெலிந்து, ரொம்பச் சின்ன உருவமாகத் தெரிந்தார். "அந்த மெசேஜ எழுதுனது யாரு?" என்று கேட்டார். என் மகன், வாசலில் நிற்கிறான் என்றேன். "உள்ள வரச் சொல்லுங்க" என்றார். "வர மாட்டான் டீச்சர், பயந்து போயிருக்கான்" என்றேன். அவர் ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்தார். நீ ஸ்கூட்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வேற யாரு வீட்டுக்கும் இது போகாமப் பாத்துக்கச் சொல்லுங்க." அவ்வளவுதான். நான் கைகூப்பிவிட்டு, ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தேன். உன்னிடம் சொல்ல வாயைத் திறந்தபோது, "எதுவும் சொல்லாதம்மா, வண்டியில ஏறு" என்றாய். சரி, பிள்ளை ஆறட்டும் என்று விட்டுவிட்டேன். நீ ஆறவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் நம் கடையை அதிலிருந்து எடுத்துவிட்டு, மற்றவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமையோடு மூடப்போவதாகச் சொல்லிவிட்டு, போனை அணைத்துவிட்டு மாடியேறிவிட்டாய்.

இத்தனை நாளாக அடுப்படியில் நின்றுகொண்டு ஒன்றையே யோசித்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்து அத்தனை போனையும் கேட்டாயே, இது எப்படித் தவறிப்போனது? நேற்றுத்தான் பிடிபட்டது. நான் கேட்கிற கேள்விகளை நீ எண்ணினாய், சரியாகவே எண்ணினாய். ஆனால் நான் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. நல்லதா, கெட்டதா? அதை நான் யாரிடமும் கேட்டதே இல்லை. போனை எடுத்ததும் எதிரில் இருக்கிறவர் மூச்சு விடுவதிலேயே எனக்குத் தெரிந்துவிடும். கெட்டது என்றால் என்றைக்கு என்றும் கேட்க மாட்டேன், எத்தனை பேர் என்றும் கேட்க மாட்டேன், வந்துருவாங்க என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவேன். ஆட்களுக்கும் என் குரலை வைத்தே தெரியும். யாரும் வாய்விட்டுக் கேட்காத ஒன்றை நீ எப்படிப் பெட்டி போட்டு வைத்திருப்பாய்? என் தலையில் இருந்ததெல்லாம் உன் சாஃப்ட்வேருக்குள் வந்தது, என் காதில் இருந்தது வரவில்லை. அதற்கு நல்ல வார்த்தை பேசக் கற்றுக்கொடுத்துவிட்டாய். எந்த வீட்டில் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்பதுதான் பாக்கி.

இன்றைக்கு மத்தியானம் பூக்கடை பாண்டி அண்ணன் வந்தார். நீ போனை எடுக்காததால் நேரிலேயே வந்துவிட்டார். டீச்சர் வீட்டு விஷயம் அவருக்கும் தெரிந்திருக்கிறது. போனை என் கையில் கொடுத்து, "தங்கச்சி, இதக் கொஞ்சம் பாருங்க" என்றார். நடக்கிற வேலை என்ற வரிசையில் மூன்று வீடுகள் இருந்தன. மூன்றும் சாவு மாலைக்குச் சொன்ன வீடுகள். "மாலை போட்டு, எடுத்துட்டுப் போயி, காரியம் பூரா ஆயிப்போச்சு. முடிஞ்சதுன்னு அமுக்குனா அவங்களுக்கு மெசேஜ் போயிருமோன்னு பயந்துக்கிட்டு அப்படியே வச்சிருக்கேன். தெனம் காலையில தொறந்தா இந்த மூணு வீடும் மொத ஆளா வந்து நிக்கிது" என்றார். நீ மெசேஜை நிறுத்தினாயா இல்லையா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமையோட மூடப் போறானே, அப்புறம் உங்களுக்கு என்ன கவலண்ணே?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "மூடச் சொல்லியா வந்தேன்? எங் கல்யாண ஆர்டர் அம்புட்டும் அதுக்குள்ளதான் கெடக்கு. எம்பொண்டாட்டி எங்கிட்டக் கேக்குறத விட்டுட்டு இப்பல்லாம் அதத்தான் கேக்குறா, வீட்ல சண்டையே கொறஞ்சு போச்சு. இந்த ஒண்ண மட்டும் சரி பண்ணித் தரச் சொல்லுங்க தங்கச்சி. சாவு வீட்டுக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுற நம்ம சௌந்தரம்கூடக் கேட்டுக்கிட்டு இருக்காரு" என்றார். ஐஸ் பெட்டிக்காரரிடமிருந்து, அடுத்த விசேஷத்துக்கும் எங்களையே கூப்பிடுங்க என்று வந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. வாய்விட்டுச் சொல்லியும்விட்டேன். அப்பா சிரிக்க ஆரம்பித்து, நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாண்டி அண்ணனும் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தோம். கீழே என்ன சத்தம் என்று மாடியில் நீ நினைத்திருப்பாய். உன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம் என்றுகூட நினைத்திருப்பாய். அதுவும் கொஞ்சம் உண்மைதான்.

உனக்கு நான் சொல்ல வேண்டியது இனி கொஞ்சம்தான். பெங்களூர் வேலை பிடித்திருந்தால் போ. சம்பளம் நல்ல சம்பளம், நான் தடுக்க மாட்டேன். அங்கேயும் பெரிய பெரிய சாஃப்ட்வேர் செய்வாய், யார் வாங்குகிறார்கள் என்றுகூட உனக்குத் தெரியாது. தப்பு நடந்தால் யாரோ முகம் தெரியாதவன் யாருக்கோ போன் போட்டுத் திட்டுவான், உன் காதுக்கே வராது. அந்த நிம்மதிக்காகப் போகிறாய் என்றால், அங்கேதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒருத்தர் துக்கத்தில் சொன்ன ஒரு வார்த்தைக்கு ஒளிந்துகொள்ளப் போகிற பிள்ளையாக நீ பஸ் ஏறக் கூடாது. உன்னைத் திட்டினவர் திட்டிய அரை மணி நேரத்தில் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். நீதான் இன்னும் அந்தப் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறாய்.

வேலை பெரியது இல்லை என்று நினைக்கிறேன். உனக்குத்தான் தெரியும். நாலாவதாக ஒரு கேள்வி வை: நல்லதா, கெட்டதா. இழவு, துக்கம், மரணம் என்று பட்டியல் எல்லாம் போட்டுக் குழப்பாதே, இந்த ரெண்டு வார்த்தை போதும், நம் ஊரில் பிறந்த குழந்தைக்கும் புரியும். கெட்டது என்றால் மெசேஜ் வேண்டாம், பூ உதிர வேண்டாம், ஆட்கள் போனில் மணி அடிக்க வேண்டாம். வாரேன் என்ற பட்டனும் வேண்டாம், அவர்களாகக் கிளம்பி வரட்டும். பழைய நம்பரைத் தானாக எடுத்துக்கொள்ளவும் கூடாது, யாராவது ஒருத்தர் பார்த்துப் போட வேண்டும்.

அப்பா படியேறத் தயாராக நிற்கிறார், காப்பி ஆறிவிடும் என்று அவசரப்படுத்துகிறார். பாண்டி அண்ணன் போனில் அந்த மூன்று வீடும் இன்னும் அப்படியே இருக்கின்றன. போட்ட மாலை வாடி, அந்த வீட்டுக்காரர்கள் வேலைக்குக்கூடத் திரும்பியிருப்பார்கள். நீ செய்த சாஃப்ட்வேரில் மட்டும் அந்தச் சாவு இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது. நீ மூடிவிட்டுப் போனால் அவை முடியாமலேதான் மூடப்படும். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வா. அந்த மூன்று வீட்டையும் சத்தமில்லாமல் முடித்து வை. வேறு யார் வீட்டுக்கும் அந்த மெசேஜ் போகக் கூடாது, டீச்சர் உன்னிடம் கேட்டது அதைத்தான்.

அம்மா